பாட்டு தொடங்குவதற்கு முன்

பேருந்து நிலையத்து லக்கேஜ் ரூமில் பதினெட்டு வருடம் உட்கார்ந்திருந்த அந்த மனிதரை எல்லோரும் மிலிட்டரி என்றுதான் கூப்பிட்டார்கள். டிரைவர்கள் அப்படித்தான் கூப்பிட்டார்கள், டீ கொண்டு வருகிறவரும் அப்படித்தான். நிலைய மேலாளர்கூட ஏதாவது கடிதம் எழுத வேண்டியிருந்தால் கோப்பைப் புரட்டி அவர் பெயரைத் தெரிந்துகொண்டுதான் எழுதுவார். உண்மையில் அவர் துப்பாக்கி தூக்கியது பயிற்சிக் காலத்தில் மட்டும்தான். மற்றபடி ராணுவத்தில் அவர் கையில் இருந்தது ட்ரம்பெட். படைப்பிரிவின் பேண்டு குழுவில் இரண்டாவது ட்ரம்பெட்டாக இருந்தார். இதை அவர் யாரிடமும் திருத்திச் சொன்னதில்லை.

"மிலிட்டரின்னா துப்பாக்கின்னு நெனைச்சுக்கறாங்க. நெனைச்சுட்டுப் போகட்டும், நமக்கென்ன" என்று மனைவியிடம் மட்டும் ஒருமுறை சொன்னார்.

லக்கேஜ் ரூம் பத்தடிக்குப் பன்னிரண்டடி. மூன்று பக்கமும் இரும்பு அலமாரிகள். முன்பக்கம் கம்பிவலை, அதில் ஒரு பெட்டி நுழையும் அளவுக்குத் திறப்பு. பையை வாங்கிச் சாக்பீஸால் எண் போட்டு அலமாரியில் வைக்க வேண்டும், அதே எண் உள்ள பித்தளை வில்லையைப் பயணியிடம் கொடுக்க வேண்டும். ஒன்று முதல் நூற்றிருபது வரை வில்லைகள் உண்டு. எழுபத்திரண்டு மட்டும் கிடையாது, எவரோ ஊருக்குக் கொண்டுபோய்விட்டார். மீன் வாடை அடிக்கும் பை கீழ்த்தட்டு, கண்ணாடி சாமான் மேல்தட்டு, உள்ளே ஏதோ அசைகிற பையாக இருந்தால் வாங்குவதே இல்லை. காலை ஏழு மணியிலிருந்து மதியம் மூன்று மணி வரை அவருடைய முறை. திறப்புக்கு நேர் மேலே, அவர் தலையிலிருந்து ஒரு கை உயரத்தில், நிலையத்தின் ஒலிபெருக்கி இருந்தது.

அவருக்கு ஐம்பது வயதானபோது எல்லையில் ஏதோ பதற்றம் என்று செய்தி வந்தது. ஒரு திங்கட்கிழமை முதல் எல்லாப் பேருந்து நிலையங்களிலும் மணிக்கு ஒரு முறை அந்தப் பாட்டைப் போட வேண்டும் என்று உத்தரவு வந்தது. அந்தப் பாட்டு என்றால் நாட்டில் எல்லோருக்கும் தெரிந்த பாட்டுத்தான். படைவீரர்கள் கூட்டமாகப் பாடுவது. பதற்றம் இரண்டு மாதத்தில் தணிந்துவிட்டது, உத்தரவு தணியவில்லை. போடச் சொல்வது சுலபம், நிறுத்தச் சொல்லிக் கையெழுத்துப் போட எந்த அதிகாரிக்குத் தைரியம் வரும்?

முதல் வாரம் பயணிகள் எல்லோரும் எழுந்து நின்றார்கள். இரண்டாவது வாரம் குழந்தை வைத்திருந்தவர்கள் உட்கார்ந்துகொண்டார்கள். ஒரு மாதத்தில் ஒருவரும் நிற்கவில்லை, அவரைத் தவிர. அவர் நின்றதற்குக் காரணம் சூப்பர்வைசர்.

"நீங்க யூனிஃபார்ம்ல இருக்கீங்க, அதுவும் மிலிட்டரி. நீங்களே உக்காந்தா பாக்கறவங்க என்ன நெனைப்பாங்க?" என்று அவர் ஒருநாள் வந்து தணிவாகச் சொல்லிவிட்டுப் போனார்.

அன்றிலிருந்து ஒரு நாளைக்கு எட்டு முறை, ஒவ்வொரு முறையும் இரண்டு நிமிடம் நாற்பது விநாடி, யாருடைய பையாவது கையில் இருந்தால் அந்தப் பையோடு, அவர் நின்றார். பேருந்தைப் பிடிக்கும் அவசரத்தில் சிலர் வலைக்கு வெளியே வில்லையை ஆட்டிக்கொண்டு, "என்ன சார் இது, வண்டி கெளம்பிடும் சார்" என்பார்கள். அவர் அசையமாட்டார். அவருடைய தேசபக்தியைப் பார்த்து அவர்கள் பல்லைக் கடித்துக்கொள்வார்கள்.

அவர் நின்றபடி கேட்டது வேறு ஒன்றை. அது என்ன என்று சொல்ல, அந்தப் பாட்டு பதிவான நாளுக்குப் போக வேண்டும்.

அப்போது அவருக்கு இருபத்தாறு வயது. வானொலி நிலையத்தின் பெரிய கூடத்துக்குள் இருபத்தெட்டுப் பேர் கொண்ட பேண்டு குழு காலை பத்து மணிக்குப் போனது. பாட்டின் தொடக்கத்தில் ஒரே ஒரு ட்ரம்பெட் தனியாக நான்கு சுரங்கள் ஊதும். பிறகுதான் இரண்டாவது ட்ரம்பெட் சேரும், டிரம் சேரும், கடைசியில் எல்லோரும் பாடுவார்கள். முதல் ட்ரம்பெட் வாசித்தவனை நெட்டை என்பார்கள். ஆறடிக்கு மேல் வளர்ந்தவன். பாசறையில் இருவருக்கும் பக்கத்துப் பக்கத்துக் கட்டில், எட்டு வருடப் பழக்கம்.

நெட்டையின் மூக்கு சிறு வயதில் பந்து பட்டு உடைந்து கோணலாகச் சேர்ந்திருந்தது. ஊதுவதற்கு முன் அவன் மூச்சை இழுத்தால் பழைய துணியைக் கிழிப்பது போல ஒரு சத்தம் வரும். மைதானத்தில் அது எவருக்கும் கேட்டதில்லை. மைக்குக்கு முன்னால் கேட்டுவிட்டது. பதிவு செய்கிறவர் கண்ணாடிக் கதவைத் திறந்து தலையை நீட்டினார்.

"யாரோ மூச்சு விடறாங்க சார்."

"ஊதறவன் மூச்சு விடாம வேறென்ன பண்ணுவான்?" என்றார் பேண்டு மாஸ்டர். ஆனாலும் நெட்டையின் பக்கம் திரும்பி, "திருட வந்தவன் மாதிரி சத்தம் போடாம இழுடா" என்றார்.

இரண்டாவது முறை நெட்டை மெதுவாக இழுத்தான். காற்று போதவில்லை, நான்காவது சுரம் பாதியில் தொங்கிவிட்டது. மூன்றாவது முறை, வருவது வரட்டும் என்று அவன் வயிறு நிறைய இழுத்தான். துணி கிழிந்தது. நான்கு சுரங்களும் மணியடித்தது போல வந்தன. ஒரு மணிக்கு அந்தக் கூடம் வேறொரு நிகழ்ச்சிக்கு வேண்டியிருந்ததால் மூன்றாவதையே வைத்துக்கொண்டார்கள். வெளியே வந்ததும் நெட்டை, "மூச்சை விட்டுட்டு வந்தாச்சு, வாடா சாப்பிடப் போகலாம்" என்றான்.

அவனுக்கு அந்தப் பாட்டு பிடிக்காது. அணிவகுப்பு, அமைச்சர் வருகை, கட்டடத் திறப்பு என்று அதை ஊதி ஊதி அவனுக்கு வாய் மரத்துப்போயிருந்தது. "உயிரைக் கேட்டால் உயிர் தருவோம்" என்று அடி வரும் இடத்தில், "ரொட்டியைக் கேட்டால் கல் தருவார், ரோஷப்பட்டால் முறைத்திடுவார்" என்று மெஸ் ரொட்டியை வைத்து ஒரு பாட்டுக் கட்டியிருந்தான். பேண்டு குழு முழுக்க அந்த வரிகள் பரவியிருந்தன. ஒரு தளபதி வந்திருந்த விழாவில் பின்வரிசையில் நாலு பேர் நிஜமாகவே ரொட்டியைப் பாடினார்கள். தளபதி கண் கலங்கிக் கைதட்டினார்.

பதிவாகி ஐந்தாவது மாதம் போர் வந்தது. போர் வந்தால் பேண்டு குழுவுக்கு வாத்தியம் கிடையாது. எல்லாவற்றையும் பெட்டியில் போட்டுப் பூட்டிவிட்டு, ஆளுக்கு ஒரு ஸ்ட்ரெச்சரைக் கொடுத்துவிடுவார்கள். அடிபட்டவர்களை மலையிலிருந்து கீழே கொண்டுவருவதுதான் வாத்தியக்காரர்களின் வேலை. இறக்கத்தில் நெட்டையாக இருப்பவன் முன்னால் போனால்தான் ஸ்ட்ரெச்சர் சமமாக இருக்கும். அதனால் நெட்டை முன்னால், இவர் பின்னால். நான்கு நாள் அப்படிச் சுமந்தார்கள். ஐந்தாம் நாள் மூன்றாவது நடையில் ஒரு குண்டு முன்பக்கமாக விழுந்தது. நெட்டை அந்த இடத்திலேயே போய்விட்டான். ஸ்ட்ரெச்சரில் கிடந்தவரும் பிழைக்கவில்லை. ஸ்ட்ரெச்சர் கைப்பிடி எகிறி இவர் வாயில் அடித்ததில் உதடு கிழிந்து, மேல்வரிசையில் முன்பற்கள் மூன்று போய்விட்டன.

கீழே மருத்துவக் கூடாரத்தில் தையல் போட்ட உதட்டோடு படுத்திருந்தார். மூன்றாம் நாள் மாலை யாரோ ரேடியோ வைத்தார்கள். செய்தி முடிந்தது. ஒரு கணம் ஒன்றும் இல்லை. பிறகு துணி கிழிகிற சத்தம். அதற்குப் பிறகு நான்கு சுரங்கள். கூடாரத்தில் இருந்தவர்கள் பாட்டைக் கேட்டு எழுந்து உட்காரப் பார்த்தார்கள், சிலர் அழுதார்கள். அந்தக் கூடாரத்தில் பாட்டு தொடங்குவதற்கு முன்பே அழுதவர் இவர் ஒருவர்தான்.

முன்பல் இல்லாமல் ட்ரம்பெட் ஊத முடியாது. பொய்ப்பல் கட்டிப் பார்த்தார்கள். ஆறு மாதம் முயன்றார், ஓரத்தில் காற்று போய்க்கொண்டே இருந்தது. பேண்டு மாஸ்டர் ஒருநாள் தலையைக் குனிந்து முழுதாகக் கேட்டுவிட்டு, "ஸ்டோர்ல ஒரு எடம் இருக்குப்பா" என்றார். அதற்குப் பிறகு ஓய்வு பெறும்வரை கம்பளிகளையும் பூட்ஸ்களையும் அடுக்கிக்கொண்டிருந்தார்.

பாட்டு மட்டும் வளர்ந்துகொண்டே போனது. முதலில் வானொலியில் செய்திக்குப் பின்னால் போட்டார்கள். பிறகு பள்ளிகளில், தேர்தல் கூட்டங்களில், விளையாட்டு மைதானத்தில். அப்புறம் டயர் விளம்பரத்திலும் கிரைண்டர் விளம்பரத்திலும் வந்தது. எல்லாம் அதே மூன்றாவது பதிவுதான். தெருவில் போகும்போது எந்தக் கடையிலிருந்தாவது அது கிளம்பினால் அவர் எதிர்ப்பக்கம் போய்விடுவார். ஆனால் நாலு நாள் கேட்காமல் இருந்தால் ஏதோ போலிருக்கும், ரேடியோவைத் திருகிக்கொண்டிருப்பார்.

"என்னங்க நீங்க, வந்தா ஓடறீங்க, வரலேன்னா தேடறீங்க" என்பார் மனைவி.

"எனக்கே தெரியல" என்பார் அவர்.

மகள் மூன்றாம் வகுப்பு படித்தபோது பள்ளி விழாவில் அந்தப் பாட்டுக்கு ஆடினாள். அட்டைத் தொப்பியும் மரத் துப்பாக்கியுமாக இருபது பிள்ளைகள். இரண்டு பிள்ளைகள் ஸ்ட்ரெச்சர் தூக்கிக்கொண்டு வந்தார்கள், அதில் ஒருத்தி அவர் மகள். அவர் எழுந்து வெளியே போய்விட்டார். திரும்பி வந்தபோது நிகழ்ச்சி முடிந்திருந்தது. வீடு வரைக்கும் அவள் அட்டைத் தொப்பியைக் கழற்றாமலே நடந்தாள். வாசலில் செருப்பைக் கழற்றும்போது, "எல்லார் அப்பாவும் கடைசி வரைக்கும் இருந்தாங்க" என்றாள். அவள் கல்யாணமாகிப் போகும்வரை அந்த விஷயத்தை இருவரும் மறுபடி பேசியதில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் முன்னாள் வீரர்கள் சங்கத்துக்குப் போவார். எலெக்ட்ரிகல் கடைக்கு மேல் ஒரே அறை, ஒரு கேரம் போர்டு, சத்தம் போடும் ஒரு ஃபேன். செயலாளர் பழைய பேண்டில் டிரம் வாசித்தவர். நல்ல மனிதர், எதையும் பெரிதுபடுத்தாதவர். அவருடைய போன் ரிங்டோனே அந்தப் பாட்டுத்தான்.

"ஒரு நாளைக்கு எட்டு தடவை கேக்கறேன்டா. பல்லு கூசுது" என்றார் இவர் ஒருநாள்.

"உனக்குத்தான் பல்லே இல்லையே மாப்ளே" என்றார் டிரம்காரர்.

எல்லோரும் சிரித்தார்கள். கண்ணிவெடியில் ஒரு காலை இழந்த சார்ஜன்ட் கேரம் காயை அடுக்கியபடி சொன்னார். "போன வாரம் பல் டாக்டர்கிட்ட போயிருந்தேன். ஈறுல ஊசி போட்டு உக்கார வெச்சிருக்காங்க, அங்கேயும் இந்தப் பாட்டு. எழுந்து நிக்கணுமா, வாயைத் தொறந்து வெச்சிருக்கணுமான்னு தெரியல. கட்டைக் காலை எடுத்துக் கீழ வெச்சேன், நர்ஸ் பொண்ணு பயந்துடுச்சு."

"எனக்குப் புடிக்கும்பா" என்றார் மெஸ்ஸில் சமையல் செய்தவர். "என் பேரன் என்கிட்ட வரவே மாட்டான். டிவில இந்தப் பாட்டு வந்தா மட்டும் ஓடி வந்து மடில உக்காந்துக்குவான். தாத்தா சண்டை போட்டாருன்னு நெனைச்சுக்கறான். நான் வெங்காயம் உரிச்சேன்னு எப்படிச் சொல்றது?"

"அத கொறைக்கச் சொல்லி நாம ஒரு மனு எழுதினா என்ன?" என்று இவர் கேட்டார்.

டிரம்காரர் சிரிப்பை நிறுத்தினார். "எழுதலாம். அப்புறம் நம்மள எவன் சீந்துவான்? நம்ம கிட்ட மிச்சம் இருக்கறது அந்தப் பாட்டு ஒண்ணுதான். அது ஓடற வரைக்கும்தான் ஆஸ்பத்திரில கொஞ்சம் முன்னாடி விடறான், பஸ்ல எடம் குடுக்கறான். கூசினாலும் கேட்டுக்க."

அவர் மனுவை விட்டுவிட்டார். அடுத்த வாரமும் போனார், கேரம் ஆடினார்.

அவருக்கு ஐம்பத்திரண்டு வயதானபோது, ஒரு புதன்கிழமை, ஒரு பெண் துணிப்பையை வைத்துவிட்டுப் போக வந்தாள். நாற்பதை நெருங்கும் வயது, நல்ல உயரம். வில்லையை வாங்கியவள் போகாமல் அவர் முகத்தையே பார்த்தாள்.

"நீங்க எங்க வீட்டுக்குப் பெட்டி கொண்டுவந்த அண்ணன்தானே?" என்றாள். குரல் சற்று உரக்க இருந்தது.

போருக்குப் பிறகு நெட்டையின் சாமான் பெட்டியை அவன் வீட்டில் சேர்த்தவர் இவர்தான். அப்போது கதவோரம் நின்ற பதின்மூன்று வயதுத் தங்கை இவள். இப்போது நகரத்து நூற்பாலையில் வேலை, ஆலைக் குடியிருப்பில் வாசம், புதன்கிழமை விடுமுறை. புருஷன் வேறு ஒருத்தியோடு போய்விட்டான், மகன் தொலைவில் படிக்கிறான். இதையெல்லாம் அவள் வலைக்கு வெளியே நின்று ஐந்து நிமிடத்தில் சொல்லி முடித்தாள். மணி பத்தாகப் போனது. அவர் முன்பின் யோசிக்கவில்லை.

"அம்மா, இப்போ பாட்டு போடுவாங்க. ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஒரு சத்தம் வரும், துணி கிழியற மாதிரி. அதை மட்டும் கேளு. அது உங்க அண்ணன் மூச்சு."

அவள் முகம் மாறியது. திறப்புக்கு அருகில் வந்து, ஒலிபெருக்கியை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றாள். பாட்டு வந்தது. முடியும்வரை அவள் அசையவில்லை. அழுதாள். அந்தப் பாட்டுக்கு அந்த நிலையத்தில் அவரோடு இன்னொருவர் நின்றது எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு அன்றுதான்.

அதற்குப் பிறகு ஏறத்தாழ எல்லாப் புதன்கிழமையும் அவள் வந்தாள். ஒன்பதரைக்கு வருவாள், திறப்புக்குப் பக்கத்து பெஞ்சில் உட்காருவாள், பத்து மணிப் பாட்டையும் பதினொரு மணிப் பாட்டையும் கேட்டுவிட்டுப் போவாள். அவர் பை வாங்கிக்கொண்டும் எண் போட்டுக்கொண்டும் நெட்டையைப் பற்றி ஏதாவது சொல்வார். அவன் கட்டிலில் கால் நீட்டினால் பாதம் வெளியே தொங்குவதை, மழைநாளில் அவன் பூட்ஸுக்குள் காகிதம் திணிப்பதை, ரொட்டிப் பாட்டை. ரொட்டிப் பாட்டைக் கேட்டு அவள் வாய்விட்டுச் சிரித்தாள். "எங்கண்ணன் வீட்ல அப்படியெல்லாம் பேச மாட்டானே" என்றாள். ஐந்து வருடம் இப்படிப் போயிற்று. வாரத்தில் ஐந்து நாள் அவருக்கு அந்தப் பாட்டு ஒரு தொல்லை. புதன்கிழமை மட்டும் மணி பத்தாகக் காத்திருப்பார்.

அவருக்கு ஐம்பத்தேழு வயதானபோது, பாட்டு பழசாகிவிட்டது, இளைஞர்களுக்குப் பிடிக்கிற மாதிரி புதிதாகப் பதிவு செய்திருக்கிறோம் என்று அறிவித்தார்கள். பிரபலமான ஒரு பாடகர், நூறு பேர் கோரஸ், கீபோர்டில் டிரம். ஒன்றாம் தேதியிலிருந்து எல்லா இடத்திலும் இதைத்தான் போட வேண்டும். அவர் அதைச் செய்தித்தாளில் பார்த்தார், சரி என்று மடித்து வைத்தார். அது என்ன என்று ஒன்றாம் தேதி காலை ஏழு மணிக்குத்தான் புரிந்தது. எடுத்த எடுப்பில் டிரம். மூச்சு இல்லை. ட்ரம்பெட்டே இல்லை. அன்று இரண்டு தகரப் பெட்டிகளுக்கு ஒரே எண்ணைப் போட்டுவிட்டார். மதியம் இரண்டு குடும்பங்கள் வலைக்கு முன் சண்டை போட்டுக்கொண்டன.

புதன்கிழமை அவள் வந்து உட்கார்ந்தாள். பத்து மணிக்குப் பாட்டு வந்தது. அவளிடம் எப்படிச் சொல்வதென்று தெரியாமல், "கேட்டுதாம்மா?" என்றார்.

"கேட்டுதுண்ணா" என்றாள் அவள்.

அவருக்கு ஒன்றும் ஓடவில்லை. பழகிப்போன காது, இல்லாததையும் கேட்டுக்கொள்கிறது என்று நினைத்தார். இன்றைக்கு இல்லாவிட்டால் அடுத்த வாரம் அவளுக்குத் தெரியத்தான் போகிறது. அதற்குள் பழைய பதிவைக் கண்டுபிடித்துவிட வேண்டும்.

மறுநாள் வேலை முடிந்ததும் அறிவிப்பு அறைக்குப் போனார். அங்கிருந்த பெண் நல்லவள். கம்ப்யூட்டரில் தேடிக் காட்டினாள். "பழசு மேலயே புதுசை ஏத்திட்டாங்க சார். ஹெட் ஆபீஸ்ல இருந்தே பண்ணிட்டாங்க, எங்ககிட்ட ஒண்ணுமில்ல." டிரம்காரரின் ரிங்டோன் நான்கு சுரங்களிலிருந்து ஆரம்பித்தது. விளம்பரங்களில் கோரஸ் மட்டும் இருந்தது. மருமகன் போனில் தேடி ஏழெட்டு எடுத்துக் கொடுத்தான். ஒவ்வொன்றையும் காதோடு ஒட்டிவைத்துக் கேட்டார். வெட்டியவர்கள் எல்லோருமே மூச்சை விட்டுவிட்டுச் சுரத்திலிருந்துதான் வெட்டியிருந்தார்கள். பாட்டு எங்கே ஆரம்பிக்கிறது என்பதில் உலகத்தில் எவருக்கும் சந்தேகம் இருக்கவில்லை.

விடுப்புப் போட்டு வானொலி நிலையத்துக்குப் போனார். வரவேற்பில் இரண்டு மணி நேரம் உட்கார வைத்தார்கள். பிறகு ஒரு எழுத்தர் அவரை மாடியில் நாடா அறைக்குக் கூட்டிப்போனார். கூரை ஒழுகிப் பாதி அலமாரி பூசணம் பிடித்துக் கிடந்தது. "மேல கேட்டுப் பாத்தேன் சார். ஒரிஜினல் நாடாவைப் புதுசு பண்ணினவங்க வாங்கிட்டுப் போனாங்களாம். திரும்பி வந்ததா எழுதல" என்றார்.

சங்கத்தின் மூலமாக அந்தப் புதிய பதிவைச் செய்த இலாகாவுக்குக் கடிதம் எழுதினார். டிரம்காரர் இந்த முறை மறுக்கவில்லை, சொந்தக் கையெழுத்தில் எழுதிக் கொடுத்தார். புதன்கிழமைகளில் அவள் வந்துகொண்டுதான் இருந்தாள், அவர் எதையும் சொல்லவில்லை. மூன்று மாதம் கழித்துப் பதில் வந்தது. பழைய பதிவில் வாசித்த வீரர் ஒருவர் உயிரோடு இருப்பது அறிந்து மகிழ்ச்சி, புதிய பாட்டின் பாராட்டு விழாவில் அவரைக் கௌரவிக்க விரும்புகிறோம் என்று எழுதியிருந்தார்கள்.

போனார். மனைவி பழைய கோட்டை இஸ்திரி போட்டுக் கொடுத்தார். பெரிய அரங்கம், கண்ணைக் குத்தும் வெளிச்சம். மேடையில் அவர் கையில் ஒரு சுவர்க் கடிகாரத்தைக் கொடுத்தார்கள். "இவர்தான் அந்த அமர கீதத்தின் முதல் ஒலியை எழுப்பியவர்" என்று தொகுப்பாளர் சொன்னார். "நான் ரெண்டாவது ட்ரம்பெட்" என்றார் இவர். மைக் தள்ளி இருந்ததால் எவருக்கும் கேட்கவில்லை. புதிய பாட்டு கிளம்பியது. இரண்டாயிரம் பேர் எழுந்தார்கள். அவர் ஒரு கையில் கடிகாரத்தை அணைத்துக்கொண்டு மறு கையால் சல்யூட் அடித்து நின்றார்.

விழா முடிந்ததும் பதிவுக்குப் பொறுப்பாக இருந்தவரைத் தேடிப் பிடித்தார். முப்பது முப்பத்தைந்து வயதுக்காரர், மரியாதையானவர். தட்டைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்று பேசினார்.

"சார், அந்தப் பழைய நாடா உங்ககிட்ட இருக்கா?"

"அது ரொம்ப மோசமா இருந்துச்சு ஐயா. ஒரு தடவை கம்ப்யூட்டர்ல ஏத்தினோம், அப்பவே அறுந்துடுச்சு. தூக்கிப் போட்டுட்டாங்க."

"கம்ப்யூட்டர்ல ஏத்தினது?"

"அது பத்திரமா இருக்கு. முதல்ல பழசையே சுத்தம் பண்ணி வெளியிடலாம்னுதான் நெனைச்சோம். அதே ஃபைல்ல இரைச்சல் எல்லாம் எடுத்துட்டோம். ஆரம்பத்துல யாரோ பெருசா மூச்சு இழுக்கற சத்தம்கூட இருந்துச்சு. அதையும் எடுத்துட்டேன்."

"எடுத்ததை எங்க வெச்சீங்க?"

அவர் கேள்வி அந்த ஆளுக்குப் புரியவில்லை. "எடுத்ததுன்னா... அழிச்சுட்டோம் ஐயா. அது குறைதானே" என்றார். பிறகு இவருடைய முகத்தைப் பார்த்துவிட்டு, "தண்ணி கொண்டு வரச் சொல்லட்டுமா?" என்று கேட்டார்.

"வேணாம் சார். நீங்க சாப்பிடுங்க" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார்.

அடுத்த புதன்கிழமை வேலைக்குப் போகவில்லை. நேராக ஆலைக் குடியிருப்புக்குப் போனார். ஒரே வரிசையில் முப்பது வீடுகள், எல்லாவற்றுக்கும் ஒரே பச்சைக் கதவு. அவள் துணி அலசிக்கொண்டிருந்தாள். அவரைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு நாற்காலி எடுத்துப் போட்டாள்.

"உன்கிட்ட ஒண்ணு மறைச்சுட்டேன்மா" என்று ஆரம்பித்தார். பாட்டை மாற்றியது, மூச்சு இல்லாமல் போனது, நாடா அறுந்தது, அழித்தது எல்லாவற்றையும் சொன்னார். அவள் அவர் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணா, நான் சொன்னா தப்பா நெனைச்சுக்காதீங்க" என்றாள். "எனக்கு அது எப்பவுமே கேட்டதில்ல."

"எது?"

"அண்ணன் மூச்சு. பதினேழு வயசுல ஆலைக்குள்ள போனேன். அந்த மெஷினுங்க சத்தத்துல காது பாதி போயிடுச்சு. பெரிய சத்தம் கேக்கும், எதிர்ல பேசினா உதட்டைப் பாத்துப் புரிஞ்சுக்குவேன். நீங்க சொன்ன அன்னைக்கு எவ்வளவோ உத்துக் கேட்டேன். டிரம் வந்துதான் பாட்டு ஆரம்பிச்சதே எனக்குத் தெரிஞ்சுது."

"பின்ன ஏன்மா அழுத?"

"கேக்கலையேன்னுதான்."

அவர் நாற்காலியின் கைப்பிடியைத் தேய்த்துக்கொண்டிருந்தார். "அஞ்சு வருஷம் வந்தியே."

"நீங்க அவ்வளவு ஆசையா சொன்னீங்க. எங்க வீட்ல அவனைப் பத்திப் பேச ஒருத்தரும் மிச்சமில்ல. உங்ககிட்ட வந்து உக்காந்தா அவனைப் பத்தி நாலு வார்த்தை கெடைக்கும். அதுக்குத்தான் வந்தேன். கேட்டுதான்னு நீங்க கேக்கும்போது இல்லன்னு சொல்ல வாய் வரல."

அவள் டீ போட்டுக் கொடுத்தாள். குடித்தார். கிளம்பும்போது, "வர புதன்கிழமை வரட்டுமாண்ணா?" என்று கேட்டாள்.

"வாம்மா" என்றார்.

அவள் வந்தாள். ஆனால் அவருக்கு நெட்டையைப் பற்றிச் சொல்ல வரவில்லை. இருந்த கதைகளை எல்லாம் முன்பே சொல்லியாகிவிட்டது, சிலவற்றை நாலு முறை. பாட்டு வந்தபோது அவர் எழுந்து நின்றார், அவள் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நாலைந்து வாரம் அப்படிப் போயிற்று. பிறகு ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் வந்தாள். அடுத்த வருடம் ஆலையை மூடிவிட்டார்கள், அவள் மகன் இருக்கும் ஊருக்குப் போய்விட்டாள். போவதற்கு முந்தின நாள் வந்து சொல்லிக்கொண்டு போனாள். இரண்டு முறை போன் செய்தாள். போனில் அவள் முகம் தெரியாது, அவர் பேசுவது அவளுக்குச் சரியாகக் கேட்காது. இருவரும் "நல்லா இருக்கீங்களா, நல்லா இருக்கியா" என்று கத்திவிட்டு வைத்தார்கள்.

ஒலிபெருக்கி இல்லாத டயர் கிடங்குக்கு மாற்றல் கேட்டு அவர் ஒரு விண்ணப்பம் கொடுத்தார். முன்னாள் வீரர் பொதுமக்கள் பார்வையில் இருப்பதே நிலையத்துக்குப் பெருமை என்று எழுதித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். இரண்டு வருடம் இன்னும் நின்றார். அறுபது முடிந்ததும் சாக்பீஸ் டப்பாவையும் வில்லைகளையும் அடுத்த ஆளிடம் எண்ணிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டார்.

இப்போது அவருக்கு அறுபத்து நான்கு. காலையில் நடக்கப் போகிறார், மனைவிக்குக் கறிகாய் நறுக்கிக் கொடுக்கிறார், சங்கத்துக்கு எப்போதாவதுதான் போகிறார். சாப்பாட்டுக்குப் பிறகு கண்ணை மூடிச் சாய்வு நாற்காலியில் படுத்துக்கொள்வார். தூங்குகிறார் என்று மனைவி நினைத்திருந்தார். ஒருநாள் உதடு அசைவதைப் பார்த்துப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"என்னங்க பண்றீங்க?"

"அந்தப் பாட்டை மனசுல ஓட்டிப் பாக்கறேன். பழசை."

"வருதா?"

"முதல்ல எல்லாம் வந்துச்சு. இப்போ எத்தனை தடவை ஆரம்பிச்சாலும் புதுசோட டிரம்தான் முந்திக்கிட்டு வருது. அவன் மூச்சு எப்படி இருக்கும்னு எனக்கே சரியா ஞாபகம் வரல."

மனைவி காயப்போட்ட துணியை எடுக்க எழுந்து போனார். அவர் மறுபடியும் கண்ணை மூடிக்கொண்டார்.